பார்ட்னர் விலகிய பிறகு: ஒரு ஜோடி ஸ்கேட்டர் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

2014 மார்ச்சில் ஜப்பானின் சைத்தாமா நகரில் நடந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சவ்சென்கோவும் ராபின் ஷோல்கோவியும் ஐந்தாவது முறையாக ஜோடிப் பிரிவுத் தங்கத்தை வென்றார்கள். அதோடு ஷோல்கோவி போட்டிகளிலிருந்து விடைபெற்றார். சவ்சென்கோவுக்கு அப்போது வயது 30. 2008, 2009, 2011, 2012, 2014 என்று ஐந்து உலகப் பட்டங்கள் அவர் கையில் இருந்தன. ஒலிம்பிக்கில் மட்டும் வான்கூவரிலும் சரி, சோச்சியிலும் சரி, வெண்கலத்துக்கு மேல் கிடைக்கவில்லை. சோச்சியில் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராம் முடிந்தபோது இந்த ஜோடி இரண்டாம் இடத்தில் இருந்தது. இரண்டாவது, நீளமான சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் முதலில் ஷோல்கோவி ஒரு தாவலில் விழுந்தார். நிகழ்ச்சியின் கடைசியில், பார்ட்னர் வீச மூன்றரைச் சுற்று சுழன்று இறங்கும் த்ரோ டிரிப்பிள் ஆக்ஸலில் சவ்சென்கோ விழுந்தார். மூன்றாம் இடம்.

ஒற்றையர் பிரிவில் ஆடுகிறவர் இந்தக் கட்டத்தில் தன் முழங்காலையும் மனசையும் கேட்டு முடிவெடுத்துவிடலாம். ஜோடி ஸ்கேட்டருக்கு அந்த வசதி இல்லை. தொழிலில் பாதி இன்னொருவருடையது. அவர் போய்விட்டால், எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் மறுநாள் காலையில் ரிங்க்குக்கு, அதாவது பனித்தளத்துக்கு, போய்ப் பயிற்சி செய்யத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட்டும் இல்லை, வீசும் த்ரோவும் இல்லை. அப்போது அவர் முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன. போட்டியை நிறுத்திவிட்டு ஐஸ் ஷோவுக்கோ பயிற்சிப் பணிக்கோ போகலாம். சொந்த நாட்டுக்குள்ளேயே புதுப் பார்ட்னரைப் பிடிக்கலாம். எல்லை தாண்டி வேறு நாட்டுக்காரரோடு சேரலாம். அல்லது கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து திரும்பி வரலாம். இந்த நாலையும் நடந்த கதைகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். உள்நாட்டில் பொருத்தமான ஆள் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எல்லை தாண்டுவதாக இருந்தால், அடுத்த ஒலிம்பிக்குக்கு முழுசாக நாலு வருடம் இருக்கும்போது மட்டும் தாண்டலாம். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால், புதுப் பார்ட்னர் என்றால் உடம்பளவில் என்ன அர்த்தம் என்று பார்த்துவிட வேண்டும். இது புரியாமல் மற்ற எதையும் எடைபோட முடியாது.

ட்விஸ்ட் லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆண், பெண்ணை இடுப்பில் பிடித்துத் தன் தலைக்கு மேலே எறிகிறார். அந்தப் பெண் காற்றில் படுத்த வாக்கில் மூன்று முறை சுழல்கிறார். பிறகு பனியில் கால் படுமுன் மறுபடி இடுப்பில் பிடிக்கப்பட்டு, மெதுவாக இறக்கிவிடப்படுகிறார். பிடி இடுப்பில் சுத்தமாக விழ வேண்டும். பெண்ணின் கையோ மார்போ ஆணின் தோளில் மோதினால் நடுவர்கள் தரத்தைக் குறைத்துவிடுவார்கள். புது ஜோடிகள் முதல் சில மாதங்கள் ட்விஸ்ட் பழகும்போது ஆணின் முகத்தில் முழங்கை இடிபடுவது சாதாரணம். எறியும் உயரம், சுழலும் வேகம், கைகளை விரிக்கும் நொடி ஆகிய மூன்றும் இரண்டு உடம்புகளுக்குள் பதிந்து போன விஷயங்கள். பழைய பார்ட்னரோடு பத்து வருடம் பதிந்தது, புது ஆளிடம் தப்பான நேரமாக வெளிப்படும்.

த்ரோ ஜம்ப்பிலும் அதே கதைதான். பெண் தாவுகிறார், ஆண் அந்தத் தாவலுக்குக் கூடுதல் உயரமும் தூரமும் கொடுக்கிறார். பழைய பார்ட்னரைவிடப் பலசாலி ஒருவர் வீசினால் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது. பழைய கணக்கில் சுழன்றால் தேவைக்கு மேல் திரும்பி இறங்குவார். இறங்குவது ஒற்றைக் காலில், பின்பக்கமாக, வேகத்தோடு. அந்தக் கணக்கைத் திருத்தும் வரை எத்தனை முறை விழுந்தாலும் அடி அவருக்கு மட்டும்தான். ஆணுக்கு வேறு சேதம் இருக்கிறது. எடை, உயரம், பிடி எல்லாம் மாறும்போது தோளும் முதுகும் அதைச் சுமக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு அடிப்படைப் பொருத்தம் உண்டு. பெரும்பாலான ஸ்கேட்டர்கள் இடஞ்சுழியாகச் சுழல்கிறார்கள். ஒருவர் வலஞ்சுழி என்றால், அவரோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மாதிரி தாவக்கூடிய ஆள் கிடைப்பது கஷ்டம். அப்புறம் காலை நீட்டித் தள்ளும் அளவு. ஒருவர் நீளமாகத் தள்ளி, இன்னொருவர் குறுகத் தள்ளினால், நடை ஒத்துவராத மாடுகளை ஒரே வண்டியில் பூட்டியது போல இருக்கும். இரண்டு பேரும் தனித்தனியே நல்ல ஸ்கேட்டர்களாகத்தான் இருப்பார்கள். ஜோடி மட்டும் ஓடாது.

இதனால்தான், சேர்ந்த நாளிலிருந்து உலக அளவில் முதல் வரிசைக்கு வர பொதுவாக மூன்று நாலு வருடம் பிடிக்கிறது. ஜப்பானின் ரிகு மியுராவும் ரியூச்சி கிஹாராவும் 2019இல் சேர்ந்தார்கள், 2023இல் உலகச் சாம்பியன் ஆனார்கள். இது வழக்கமான வேகம்.

நிறுத்திவிடுவது

முதல் வழி, நிறுத்துவது. இதைத் தோல்வியாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷோல்கோவி நிறுத்தினார், மாஸ்கோவில் நினா மோசரின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். ரஷ்யாவின் யெவ்கேனியா தாராசோவா, விளாதிமிர் மொரோசோவ் ஜோடிக்குப் பயிற்சி கொடுத்தார். 2018 ஒலிம்பிக்கில் அந்த ஜோடி நாலாவது வந்தது. ஒரு நல்ல ஸ்கேட்டரின் அறிவு வீணாகாமல் அடுத்த தலைமுறைக்குப் போக, இதைவிட நேரான பாதை இல்லை. பிடியும் நேரமும் புத்தகத்தில் கற்றுக்கொள்ளும் விஷயங்கள் இல்லை. பிடித்து இறக்கிய கைகள்தான் அதைச் சொல்லித்தர முடியும்.

சவ்சென்கோவின் பழைய பார்ட்னர் ஸ்தானிஸ்லாவ் மொரோசோவும் இதையே செய்தவர். 2000இல் இருவரும் சேர்ந்து உக்ரைனுக்காக ஜூனியர் உலகச் சாம்பியன் ஆனார்கள். பிறகு பிரிந்தார்கள். மொரோசோவ் அதன் பின் தத்யானா வோலோசோஷாரோடு ஆடினார், 2010இல் நிறுத்தினார், வோலோசோஷார் புதுப் பார்ட்னரோடு சேர்ந்தபோது அந்த ஜோடியின் பயிற்சிக் குழுவிலேயே வந்து நின்றார். பார்ட்னர் ஓய்வு பெறுவது என்பது இப்படியும் நடக்கலாம். கையை உதறிவிட்டுப் போகாமல், அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது. இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இதுவும் ஒன்று.

ஐஸ் ஷோ வேறு மாதிரி. வருமானம் ஓரளவு நிலையாக வரும். நடுவர் இல்லை, கடினமான த்ரோக்கள் கட்டாயமில்லை. ஆனால் ஊர் ஊராகப் பயணம், சில சமயம் ஒரே நாளில் இரண்டு காட்சிகள், உடம்பு தேயத்தான் செய்யும். அங்கேயும் ஜோடி ஜோடிதான். யெகாத்தரீனா கோர்தேயேவாவும் செர்கேய் கிரின்கோவும் 1988இலும் 1994இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற கணவன் மனைவி. 1995 நவம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் ஷோவுக்கான பயிற்சியின்போது கிரின்கோவ் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு 28 வயது. கோர்தேயேவா பிறகு தனியாக ஷோக்களில் ஆடினார். இன்னொருவரோடு ஜோடி சேர்ந்து அவர் போட்டிக்குத் திரும்பவில்லை. வேறு யாராலும் அதைக் கேட்கவும் முடியாது.

நிறுத்துவதன் உண்மையான விலை ஒன்றுதான்: முடிக்காமல் விட்ட கணக்கு. அப்படி எதுவும் மனதில் உறுத்தாதவர் நிம்மதியாக நிறுத்தலாம். சவ்சென்கோவுக்கு உறுத்தியது.

உள்நாட்டில் புதுப் பார்ட்னர்

ஆள் இருந்தால் இதுதான் சிறந்த வழி. பாஸ்போர்ட் மாற்ற வேண்டாம். வேறு நாட்டுக்காக ஆட அனுமதிக்கும் விடுவிப்புக் கடிதத்துக்காகப் பழைய நாட்டின் சங்கத்திடம் கெஞ்ச வேண்டாம். நிதி உதவி அறுந்து போகாது, மொழியும் வீடும் மாறாது.

மிகப் பெரிய உதாரணம் இரினா ரோத்னினா. சோவியத் யூனியனுக்காக அலெக்சேய் உலானோவோடு 1969 முதல் 1972 வரை நாலு உலகப் பட்டங்கள், 1972 சப்போரோ ஒலிம்பிக் தங்கம். பிறகு உலானோவ் இன்னொரு ஸ்கேட்டரான லுத்மிலா ஸ்மிர்னோவாவைத் திருமணம் செய்துகொண்டு அவரோடு ஆடப் போய்விட்டார். ரோத்னினா இளைஞரான அலெக்சாண்டர் சாய்த்செவோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1973இல், பிராட்டிஸ்லாவாவில் உலகச் சாம்பியன். அந்தப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டின் நடுவில் இசை நின்றுபோனது. இருவரும் நிற்கவில்லை, இசையில்லாமலே ஆடி முடித்தார்கள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஜோடி, அடுத்தவரின் நேரத்தை இசையின் உதவி இல்லாமல் அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சாய்த்செவோடு 1978 வரை ஆறு உலகப் பட்டங்கள். 1979இல் குழந்தை பிறந்தது. 1980இல் லேக் பிளாசிடில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம்.

ஆனால் சோவியத் யூனியன் என்ற இடத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஜோடி ஸ்கேட்டிங்குக்கென்றே ஆண்களை வளர்த்தெடுத்த நாடு அது. ஒருவர் போனால் இன்னொருவர் இருந்தார். அந்த மாதிரி நாடுகள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சமீபத்திய உதாரணம் அமெரிக்காவின் அலெக்ஸா நீரிம். அவருடைய பார்ட்னரும் கணவருமான கிறிஸ் நீரிம் 2020இல் ஓய்வு பெற்றார். அலெக்ஸா அதே வசந்தத்தில் பிராண்டன் ஃபிரேசியரோடு சேர்ந்தார். 2022இல் பிரான்சின் மோன்ட்பெலியேவில் உலகச் சாம்பியன். 1979க்குப் பிறகு அமெரிக்க ஜோடி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு ரஷ்யர்கள் தடையில் இருந்தார்கள், சீனர்கள் வரவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாக இருக்காது. ஆனாலும் அடுத்த ஆண்டு சைத்தாமாவில் வெள்ளி வென்று தங்கள் தரத்தைக் காட்டினார்கள். கணவரோடு ஆடிய பெண் இன்னொருவரோடு ஆடுவதைப் பற்றிப் பலர் பலவிதமாக யோசிப்பார்கள். அலெக்ஸா விஷயத்தில் கணவர் பயிற்சியிலும் ஆதரவிலும் பக்கத்திலேயே இருந்தார்.

2014இல் ஜெர்மனியில் இந்த வழி சவ்சென்கோவுக்குத் திறந்திருக்கவில்லை. உலகச் சாம்பியனைத் தூக்கி வீசும் அளவுக்கு ஆண் ஸ்கேட்டர் அங்கே கையிருப்பில் இல்லை.

எல்லை தாண்டுவது

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஜோடிப் பிரிவின் வரலாற்றில் பாதி, எல்லை தாண்டியவர்களின் வரலாறு.

காரணம் ஆண்களின் பற்றாக்குறை. ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் எல்லா நாட்டிலும் குறைவு. அதிலும் உயரமும் பலமும் உள்ள, லிஃப்ட் பழக விரும்பும் பையன்கள் இன்னும் குறைவு. அதனால் ஒரு நல்ல ஆண் ஸ்கேட்டர் பார்ட்னரை இழந்தால் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஒரு நல்ல பெண் ஸ்கேட்டர் பார்ட்னரை இழந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். இது நியாயமில்லை, ஆனால் முடிவெடுக்கும்போது இதை மறந்துவிட முடியாது.

விதிகள் இரண்டு மட்டத்தில் இருக்கின்றன. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில், ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். இன்னொருவர் பழைய நாட்டின் சங்கத்திடமிருந்து விடுவிப்புப் பெற்று, காத்திருப்புக் காலத்தையும் கடக்க வேண்டும். ஒலிம்பிக்குக்கு இருவருமே குடியுரிமை வைத்திருக்க வேண்டும். பல ஜோடிகளின் கனவு இந்த இரண்டாவது விதியில்தான் தட்டுகிறது.

சவ்சென்கோவுக்கு இது புதிதில்லை. கீவுக்குப் பக்கத்தில் ஒபுகிவ் ஊரில் பிறந்தவர், 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக ஆடி 15ஆவது வந்தவர். பார்ட்னர் இல்லாமல் போனதும் 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸுக்கு வந்து ஷோல்கோவியோடு சேர்ந்தார், 2006 டூரின் ஒலிம்பிக்குக்கு முன்னால் ஜெர்மன் குடியுரிமை வாங்கினார். அதே காலத்தில் பயிற்சியாளர் இங்கோ ஸ்டாயர் பழைய கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தவர் என்ற விவகாரம் வெளியே வந்தது. அரசுப் பணம் அவருக்குப் போகக் கூடாது என்று ஆனது. ஜோடி அவரை விட்டு விலகவில்லை, அதற்கான பணக் கஷ்டத்தையும் தாங்கினார்கள்.

2014இல் அவர் தேர்ந்தெடுத்தவர் பிரான்சின் புருனோ மாசோ. உயரம், பலம், ஐந்து வயது இளையவர். பெரிய பதக்கம் எதுவும் இல்லாதவர். இந்தத் தேர்வைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வேன். பதக்கப் பட்டியலைப் பார்த்து ஆள் பிடித்திருந்தால் மாசோவின் பெயர் வந்திருக்காது. சவ்சென்கோ பார்த்தது அந்தத் தோள்களையும், எறியும் உயரத்தையும். பயிற்சியாளராக அலெக்சாண்டர் கோனிக், இடம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஓபர்ஸ்டார்ஃப்.

பிறகு காத்திருப்பு. பிரெஞ்சு சங்கம் மாசோவை உடனே விடவில்லை. 30,000 யூரோ கைமாறிய பிறகே 2015இன் இறுதியில் விடுவித்தது. ஒன்றரைப் பருவம் போட்டியே இல்லாமல் ரிங்க்கில் பயிற்சி மட்டும். முப்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த ஒன்றரைப் பருவம் எவ்வளவு பெரிய தொகை! ஆனால் அந்தக் காலம் முழுக்க வீணாகவில்லை என்பது என் எண்ணம். யாரும் பார்க்காத இடத்தில், புள்ளி குறையுமோ என்ற பயமில்லாமல், ட்விஸ்ட்டையும் த்ரோவையும் அடியிலிருந்து கட்ட அது இடம் கொடுத்தது. போட்டிக்கு வந்த முதல் பருவத்திலேயே, 2016இல், பாஸ்டன் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அந்த நவம்பரில் பாரிஸ் போட்டியில் த்ரோ டிரிப்பிள் ஆக்ஸலில் சவ்சென்கோவின் கணுக்கால் தசைநார் காயம்பட்டது. அப்படியும் 2017 ஹெல்சின்கியில் வெள்ளி.

அப்புறமும் குடியுரிமை பாக்கி. மாசோ ஜெர்மன் மொழித் தேர்வில் தடுமாறினார். கடைசியில் 2017 நவம்பரில்தான் பாஸ்போர்ட் வந்தது. ஒலிம்பிக் பிப்ரவரியில். மூன்று மாதம்கூட இல்லை. உலகிலேயே மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்று, ஒரு மொழித் தேர்வில் தேறாததால் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்திருக்கலாம். எல்லை தாண்ட நினைக்கிறவர்கள் த்ரோ பயிற்சி ஆரம்பிக்கும் அதே வாரத்தில் மொழி வகுப்பையும் ஆரம்பிக்க வேண்டும்.

பியோங்சாங்கில் ஷார்ட் புரோகிராமில் மாசோ மூன்று சுற்றுத் தாவலான டிரிப்பிள் சால்கோவை இரட்டையாகக் குறைத்துவிட்டார். 76.59 புள்ளி, நாலாம் இடம். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில் 159.31, அப்போதைய உலக சாதனை. மொத்தம் 235.90. சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடிக்கு 235.47. வித்தியாசம் 0.43. தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில், 34 வயதில், சவ்சென்கோவுக்குத் தங்கம். அதே ஆண்டு மிலானில் ஆறாவது உலகப் பட்டம்.

இந்தக் கதை இனித்தாலும், இதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் யூகோ கவாகுச்சி இருக்கிறார். ஜப்பானில் பிறந்தவர், பயிற்சியாளர் தமாரா மோஸ்க்வினாவிடம் கற்க ரஷ்யா போனவர், அலெக்சாண்டர் ஸ்மிர்னோவோடு ஆட ஜப்பானியக் குடியுரிமையையே துறந்தவர். ஜப்பானியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2010 வான்கூவரில் நாலாவது. சோச்சி ஒலிம்பிக் நடந்த பருவத்தின் தொடக்கத்தில் ஸ்மிர்னோவின் முழங்காலில் காயம், அந்த ஒலிம்பிக்கே போனது. இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன், அருமையான ஸ்கேட்டர். ஆனால் கணக்கைப் பாருங்கள்: தேசத்தைக் கொடுத்தவர் அவர், ஒலிம்பிக்கைப் பறித்தது இன்னொருவரின் முழங்கால். பாஸ்போர்ட்டை மாற்றினாலும் ஜோடி என்ற ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

எங்கே போகிறோம் என்பதும் முக்கியம். வோலோசோஷார் 2010இல் உக்ரைனை விட்டு ரஷ்யாவுக்குப் போனார், மாக்சிம் த்ரான்கோவோடு சேர்ந்தார். ஒரே பருவத்தில் 2011 உலக வெள்ளி, 2013 உலகப் பட்டம், 2014இல் சோச்சியில் தங்கம். இவ்வளவு வேகத்துக்குக் காரணம் உண்டு. இருவருமே அதற்குள் தேர்ந்த ஜோடி ஸ்கேட்டர்கள், பயிற்சிமுறை ஒரே மரபில் வந்தது, மொழித் தடை இல்லை, சங்கம் முழு பலத்தோடு பின்னால் நின்றது. ஆனால் ரஷ்யா மாதிரி நாட்டில் உள்ளூர்ப் போட்டியே பெரிய போட்டி. பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடங்கள்தான். நாலாவது நல்ல ஜோடி வீட்டில் இருக்கும். ஜெர்மனி மாதிரி ஜோடிகள் குறைந்த நாட்டில் இடம் கிடைப்பது எளிது, கூடவே பயிற்சியில் போட்டி போட ஆளும் குறைவு. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் வகை நாடு நல்லது, கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. முப்பது வயதுக்காரருக்கு இரண்டாவது வகை நல்லது. அவரிடம் கற்க வேண்டியது குறைவு, வீணாக்க வருடங்கள் இல்லை.

ஒதுங்கித் திரும்புவது

சீனாவின் ஷென் சுவேயும் ஜாவ் ஹோங்போவும் 2002, 2006 ஒலிம்பிக்குகளில் வெண்கலம் வென்றவர்கள். 2007இல் மூன்றாவது உலகப் பட்டத்தோடு போட்டியை நிறுத்தினார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு வான்கூவருக்காகத் திரும்பினார்கள். 2010இல் ஷென்னுக்கு 31, ஜாவுக்கு 36. தங்கம் வென்றார்கள். 1964இலிருந்து சோவியத், ரஷ்ய ஜோடிகள் தொடர்ந்து வென்றுவந்த தங்கம் அன்று கைமாறியது. இந்த வழி அவர்களுக்குப் பலித்ததற்குக் காரணம் எளிது: இரண்டு பேரும் சேர்ந்தே ஒதுங்கினார்கள், சேர்ந்தே திரும்பினார்கள். பிடியும் நேரமும் மறக்கவில்லை, உடம்பை மட்டும் மீட்டெடுத்தால் போதும். ஒருவர் மட்டும் ஒதுங்கினால் இது வழியே இல்லை. அதனால் சவ்சென்கோவின் பட்டியலில் இது இடம்பெறவே இல்லை.

ஆனால் தனியாக ஒதுங்கித் தனியாகத் திரும்பிய ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக். 2000இல் அமெரிக்காவுக்காக ஒற்றையர் பிரிவில் ஜூனியர் உலக வெள்ளி. இடுப்புக் காயங்களால் அடுத்த ஆண்டே நிறுத்தினார். சரும அழகியல் துறையில் வேலைக்குப் போனார், பதினைந்து வருடம் பனியில் கால் வைக்காமல் இருந்தார். அலுவலகப் பயிற்சிக் கூட்டம் ஒன்றில், தோல்வியே கிடையாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்தது. ஒலிம்பிக் தங்கம் வெல்வேன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மாவிடம் பழைய ஸ்கேட் ஷூவைக் கேட்டு வாங்கினார். 2016இல் ஜோடிப் பிரிவுக்கு வந்தார். 2019இல் கனடாவின் மாக்சிம் தெஷாம்போடு சேர்ந்தார். 2024இல் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன், 40 வயதில். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற பெண்களில் அவரே மூத்தவர். அந்த ஆண்டு டிசம்பரில் கனடியக் குடியுரிமையும் வந்தது.

பதினைந்து வருட ஓய்வு அவருடைய எலும்புகளைக் காப்பாற்றியிருக்கலாம். இருபதுகளில் தினமும் த்ரோ இறங்கிய ஒருவருக்கு நாற்பதில் அந்தக் கணுக்கால் இருந்திருக்காது. சுய் வென்ஜிங்கைப் பாருங்கள்: இரண்டு கால்களிலும் 2016இல் அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு 2017இல் உலகப் பட்டம், 2022 பெய்ஜிங்கில் தங்கம். அவருக்கு அப்போது இன்னும் முப்பது ஆகவில்லை. அதனால் ஸ்டெல்லாட்டோ-டூடெக்கின் வழியை ஜோடியில் பத்து வருடம் ஆடி முடித்தவர் பின்பற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஒற்றையரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது வழி.

ஒலிம்பிக் எப்போது, உடம்பு எப்படி, பார்ட்னர் யார்

இந்தக் கதைகளை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது: பலர் முதலில் கேட்கும் கேள்வி, கிடைக்கும் ஆள் எவ்வளவு நல்ல ஸ்கேட்டர் என்பது. அதைவிட முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் முடிந்த வசந்தத்தில் பார்ட்னர் விலகினால் நாலு வருடம் இருக்கிறது, எல்லை தாண்டலாம். இரண்டு வருடம் மட்டும் இருந்தால், விடுவிப்பும் பாஸ்போர்ட்டும் அதைத் தின்றுவிடும். அப்போது உள்நாட்டு ஆள் அல்லது ஓய்வு. விதிவிலக்கு ஒன்று உண்டு. வனெஸா ஜேம்ஸ் பிரான்சுக்காகப் பல வருடம் ஆடியவர், 2021இல் கனடாவின் எரிக் ராட்ஃபோர்டோடு சேர்ந்தார், அடுத்த ஆண்டே பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஆடினார், உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் வென்றார். அவர் பிறந்ததே கனடாவில். பாஸ்போர்ட் பிரச்சினை இல்லாததால்தான் அந்த வேகம்.

அடுத்தது பாதுகாப்பு. இதைக் கடைசியில் போட்டுப் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. 1996 ஜனவரியில் ரீகாவில் பயிற்சியின்போது, பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த பார்ட்னரின் ஸ்கேட் பிளேடு யெலேனா பெரெஸ்னயாவின் தலையில் பாய்ந்தது. மூளையில் அறுவைச் சிகிச்சை. பேச்சைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. பிறகு அந்தோன் சிகாருலித்சேவோடு சேர்ந்து, மோஸ்க்வினாவின் பயிற்சியில், 1998இல் ஒலிம்பிக் வெள்ளியும் 2002இல் தங்கமும் வென்றார். அந்தக் காயத்துக்குப் பிறகு ஒருவர் மறுபடி தலைக்கு மேல் தூக்கப்படச் சம்மதித்தார் என்றால், கீழே நிற்பவர் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். புதுப் பார்ட்னரோடு டிரையவுட், அதாவது சேருமுன் ஆடிப்பார்க்க, போகும்போது த்ரோ எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு, விழுந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். ஓடி வந்து கை கொடுக்கிறாரா, கண்ணாடித் தடுப்பைக் குத்துகிறாரா? இரண்டாமவர் எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் அந்த ரிங்க்கை விட்டு வந்துவிடுவதே நல்லது.

பிறகு பயிற்சியாளர். கிஹாராவை நினைத்துப் பாருங்கள். 2014இல் நருமி தகஹாஷியோடும், 2018இல் மியூ சுசாகியோடும் ஒலிம்பிக் போனவர், இரண்டிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மியுராவோடு கனடாவுக்குப் போய் புருனோ மார்கோட்டிடம் சேர்ந்த பிறகே உலகப் பட்டங்கள் வந்தன, 2023இல் ஒன்று, 2025இல் இன்னொன்று. ஜப்பான் கொடியை விடாமலே, ஜப்பானியப் பார்ட்னரோடே. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் பயிற்சி நாட்டை மட்டும் மாற்றுவது என்பது மேலே சொன்ன நாலு வழிகளுக்குள் ஒளிந்திருக்கும் அரை வழி. உள்நாட்டில் ஓரளவு பொருத்தமான ஆள் இருந்து, கற்றுத்தர ஆள் இல்லாத நாடுகளுக்கு, எல்லை தாண்டுவதைவிட இதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோடிக்குப் பரிசுப் பணம் இரண்டாகப் பிரிகிறது. செலவு இரண்டாகப் பிரிவதில்லை. எல்லை தாண்டினால் பழைய சங்கத்தின் உதவி நின்றுவிடும், புது சங்கத்தின் உதவி முதல் பதக்கம் வரும் வரை மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில் குறைந்தது ஒரு வருடத்துக்குக் கையில் பணமோ, மாலை நேரப் பயிற்சி வேலையோ இருக்க வேண்டும். சேரும்போதே இருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: எந்தக் கொடி, எந்த ஊர், விடுவிப்பு எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பிரிந்துவிடலாம் என்பது.